தூறல் லோதி ரோட்டில், சரிவு குல்மார்கில்

ஜனவரி மாதத்துக் காலை வேளையில் லோதி ரோடு பஸ் நிறுத்தத்தில் நிற்பவர்களுக்கு அந்தத் தூறலின் சுபாவம் நன்றாகத் தெரியும். நம்மூர் ஐப்பசி மழையைப் போல அடித்துக் கொட்டிவிட்டு ஓய்ந்து போகிற மழை அல்ல அது. சல்லடையில் சலித்தாற்போல விழும். குடை பிடிப்பதா வேண்டாமா என்று யோசிப்பதற்குள் ஸ்வெட்டர் நனைந்துவிடும். ஒரு நாள், சில சமயம் இரண்டு நாள், இந்தக் கூத்து. பிறகு மேகம் விலகும். வானம் கழுவிவிட்டாற்போல நீலமாக இருக்கும். அன்று இரவிலிருந்து வடக்கேயிருந்து ஊதக்காற்று புறப்பட்டு, லோதி காலனிக் குவார்ட்டர்ஸ் ஜன்னல் இடுக்கெல்லாம் புகுந்து எலும்பைத் தொடும்.

மறுநாள் பத்திரிகையில் சப்தர்ஜங், பாலம், ரிட்ஜ் ஆகிய பெயர்களோடு லோதி ரோடும் வெப்பநிலைப் பட்டியலில் இடம்பெற்றிருக்கும். காரணம், இந்த ரோட்டில்தான் மௌசம் பவன் இருக்கிறது. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் தலைமைக் காரியாலயம் அது. 1875-ல் தொடங்கப்பட்ட இந்தத் துறை, கல்கத்தா, சிம்லா, பூனா என்று மூன்று ஊர்களில் தலைமையகத்தை வைத்திருந்துவிட்டு 1944-ல் டில்லிக்குக் குடிவந்தது. டில்லிக்கு மாற்றலாகி வந்த நம்மவர்கள் பலரைப் போலவே, வந்த பிறகு திரும்பிப் போகவில்லை.

குளிர்காலத் தூறலுக்குக் காரணம் என்ன என்று அந்தக் கட்டடத்தில் கேட்டால் 'வெஸ்டர்ன் டிஸ்டர்பன்ஸ்' என்பார்கள். மத்தியதரைக் கடல் பக்கத்தில் உருவாகி, ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியாகக் கிழக்கே நகர்ந்துவரும் காற்றுக் கலக்கம் அது. அதன் வால்நுனி டில்லியைத் தொட்டால் நமக்குத் தூறல். அதன் உடம்பு முழுவதும் போய் மோதுவது இமயமலையில். லோதி ரோட்டில் குமாஸ்தாக்கள் செருப்பு ஈரமாகிறது என்று முணுமுணுக்கும் அதே நேரத்தில், காஷ்மீரத்திலும் இமாசலத்திலும் மலைச்சரிவுகளின் மேல் அடிக்கணக்கில் பனி இறங்கிக் கொண்டிருக்கும்.

'பனி' என்று சொன்னவுடன் ஒரு சங்கடம். புல்லின் மேல் முத்தாக நிற்பதும் நமக்குப் பனிதான். மார்கழிக் காலையில் கோலம் போடுகிறவர்களின் தலையில் இறங்குவதும் பனிதான். டில்லியில் ரயிலைப் பத்து மணி நேரம் தாமதப்படுத்தும் மூடுபனியும் பனிதான். இமயமலையில் ஆள் உயரத்துக்குக் குவிந்து, ஒரு கிராமத்தையே மூடிவிடக் கூடியதும் பனிதான். ஊருக்கு எழுதும் கடிதத்தில் 'இங்கே பனி கொட்டுகிறது' என்று ஒருவர் எழுதினால், தஞ்சாவூரில் இருக்கும் தாயார் அதில் எதை நினைத்துக் கொள்வார் என்று சொல்ல முடியாது. இங்கே பேசப்போவது கடைசியாகச் சொன்ன பனியைப் பற்றி. அதிலும், அது கொட்டுவதைப் பற்றி அல்ல. கொட்டியது சரிவதைப் பற்றி.

இரண்டு பிப்ரவரிகள்

2024-ம் வருஷம் ஜனவரியில் குல்மார்க் ஒரு விசித்திரக் காட்சியாக இருந்தது. வெள்ளைவெளேரென்று இருக்க வேண்டிய புல்வெளி மண்ணிறமாகக் கிடந்தது. பனியைப் பார்க்கப் போனவர்கள் புழுதியைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். குதிரைக்காரர்களும் சறுக்குவண்டி இழுப்பவர்களும் கையைப் பிசைந்து கொண்டிருந்தார்கள். மாதக் கடைசியில்தான் மேற்கிலிருந்து மேகம் வந்தது. பிப்ரவரி மூன்றாம் வாரத்தில் ஒரேயடியாகக் கொட்டித் தீர்த்தது. தேசியக் குளிர்கால விளையாட்டுப் போட்டிகளும் 21-ம் தேதி அங்கே தொடங்கின. ஊர் களை கட்டியது.

பிப்ரவரி 22-ம் தேதி பிற்பகலில், கிலன்மார்க் பக்கத்துச் சரிவில் ஸ்கீ கட்டிக்கொண்டு இறங்கிக் கொண்டிருந்த ரஷ்யக் குழு ஒன்று பனிச்சரிவில் அகப்பட்டது. ஒருவர் இறந்தார். மற்றவர்கள் மீட்கப்பட்டார்கள்.

அதற்கு முந்தைய வருஷமும் இதே கதைதான். 2023 பிப்ரவரி 1-ம் தேதி, அபர்வாத் சிகரத்தின் ஹபத்குத் சரிவில், மூன்று குழுக்களாக 21 வெளிநாட்டினரும் இரண்டு உள்ளூர் கைடுகளும் போயிருந்தார்கள். பனி சரிந்து போலந்து நாட்டவர் இருவர் மாண்டனர். 19 வெளிநாட்டினரையும் இரண்டு கைடுகளையும் உயிரோடு கொண்டுவந்தார்கள். அங்கேயும் முந்தைய சில நாட்களில் புதுப் பனி பலமாக விழுந்திருந்தது.

குல்மார்கின் அமைப்பை இங்கே சொல்லிவிட வேண்டும். ஊர் இருப்பது கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,650 மீட்டர் உயரத்தில். அதாவது நம் நீலகிரியின் தொட்டபெட்டா உச்சியும் குல்மார்க் ஊரும் ஏறக்குறைய ஒரே உயரம். தொட்டபெட்டாவோடு நமக்கு மலை முடிந்துவிடுகிறது. குல்மார்கில் அங்கேதான் மலை ஆரம்பமாகிறது. கோண்டோலா என்னும் கம்பிவட வண்டியில் ஏறினால் முதல் கட்டம் கொங்டூரி. இது 1998-ல் ஓடத் தொடங்கியது. 2005-லிருந்து இரண்டாம் கட்டம் அபர்வாத் தோள் வரை, கிட்டத்தட்ட 13,000 அடி உயரத்துக்குக் கொண்டுபோய் விடுகிறது. முன்பு ஸ்கீக்காரர்கள் ஒரு நாள் முழுக்க மூச்சு வாங்க ஏறிய உயரத்துக்கு இப்போது சில நிமிஷங்களில் போய்விடலாம். கால் வலிக்க ஏறினவன் வழியெல்லாம் பனியை மிதித்துப் பார்த்து, அதன் குணத்தை அறிந்துகொண்டு போனான். பெட்டியில் உட்கார்ந்து போகிறவனுக்கு அந்தப் பாடம் கிடையாது.

தள்ளிவிட்டவர் யார்?

பனிச்சரிவு என்றால் சினிமாவில் பார்த்தது நினைவுக்கு வரும். கதாநாயகன் மலையடிவாரத்தில் நின்று உரக்கக் கூவுவான், மேலேயிருந்து மலையே இடிந்து விழும். இது கட்டுக்கதை. மனிதக் குரலுக்குப் பனியைச் சரிக்கும் பலம் கிடையாது. கால்களுக்கு உண்டு. ஸ்கீ வீரர்களும் மலையேறுபவர்களும் பனிச்சரிவில் சாகிற விபத்துகளில் பத்தில் ஒன்பது பங்கு, அகப்பட்டவரோ அவரோடு வந்தவரோ தாமே கிளப்பிவிட்ட சரிவுதான் என்று ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் ஆராய்ந்தவர்கள் கண்டிருக்கிறார்கள். மலை அவர்கள் மேல் விழுவதில்லை. அவர்கள்தான் அதை எழுப்பிவிடுகிறார்கள்.

எப்படி? வீட்டு அடுக்களையிலேயே இதைச் செய்து பார்த்துவிடலாம். ஒரு பலகையைச் சாய்த்து வைத்து, அதன் மேல் அஸ்கா சர்க்கரையை மெல்லியதாகப் பரப்பி, அதற்கு மேல் கெட்டியாக ஒரு கனத்த அடை மாவுப் பட்டையைப் படுக்க வைத்தால் சிறிது நேரம் அது அப்படியே நிற்கும். பட்டையின் மேல் ஒரு விரலால் லேசாக அமுக்கினால் போதும். அடியிலிருக்கும் சர்க்கரை நொறுங்கி உருண்டு, மேலே இருப்பது முழுசாக வழுக்கிக்கொண்டு இறங்கும். அமுக்கின இடம் மட்டும் இறங்காது, முழுப் பட்டையும் இறங்கும். உயிரைக் குடிக்கும் பனிச்சரிவுகளில் பெரும்பாலானவை இந்த ரகம். பனிப்பாளச் சரிவு என்று சொல்லலாம்.

மலையில் அந்தச் சர்க்கரையை யார் பரப்புகிறார்கள் என்பதுதான் விஷயம். சீஸனின் ஆரம்பத்தில் விழுகிற முதல் பனிதான் அது.

நவம்பர், டிசம்பரில் ஓரடி, இரண்டடி பனி விழுகிறது. பிறகு வாரக்கணக்கில் மேகமே இல்லாத வானம். பகலில் பார்ப்பதற்கு ரம்மியமாக இருக்கும். இரவில் பனியின் மேற்பரப்பு பூஜ்யத்துக்குக் கீழே 15 டிகிரி வரை போய்விடும். ஆனால் பனிக்கு அடியிலிருக்கும் மண் கிட்டத்தட்ட பூஜ்யத்திலேயே இருக்கும். பூமி தன் உஷ்ணத்தை விட்டுக் கொடுப்பதில்லை. அடியில் கதகதப்பு, மேலே கடுங்குளிர். இடையில் அகப்பட்ட பனியிலிருந்து நீராவி மெல்ல மேலேறிக் கொண்டே இருக்கும். அந்த ஓட்டத்தில், பஞ்சு போல் ஒன்றையொன்று பற்றிக் கொண்டிருந்த பனித் துகள்கள் உருமாறி, கோணல்மாணலான பளிங்குக் கற்களாகி விடுகின்றன. கையில் அள்ளினால் உருண்டை பிடிக்க வராது, சர்க்கரை போலவே விரலிடுக்கில் வழிந்துவிடும். ஸ்கீக்காரர்களே இதைச் சர்க்கரைப் பனி என்றுதான் அழைக்கிறார்கள்.

ஒரு சின்னக் கணக்கு இதை விளக்கும். பத்து சென்டிமீட்டர் பனிக்கு ஒரு டிகிரிக்கு மேல் வெப்ப வித்தியாசம் இருந்தால் இந்த உருமாற்றம் நடக்கும் என்பது விஞ்ஞானிகள் கைக்கொள்ளும் அளவு. பனியின் கனம் அரை மீட்டர், மேலுக்கும் கீழுக்கும் வித்தியாசம் 15 டிகிரி என்றால், பத்து சென்டிமீட்டருக்கு மூன்று டிகிரி ஆகிறது. மும்மடங்கு. அதே குளிரில் பனியின் கனம் இரண்டு மீட்டர் என்றால் முக்கால் டிகிரிதான். ஆகவே நிறையப் பனி இருந்தால் அபாயம், கொஞ்சம் இருந்தால் பயமில்லை என்று நினைப்பது தலைகீழ்ப் பாடம். மெல்லிய பனிதான் அடித்தளத்தில் அழுகிப் போகிறது.

அதற்குப் பிறகு ஒரு நாள் நம் மேற்கத்திய மேகம் வந்து சேர்கிறது. இரண்டு மூன்றடி புதுப் பனி. கூடவே காற்று. காற்று, மலையின் ஒரு பக்கத்துப் பனியை வாரிக்கொண்டு போய் மறுபக்கத்தில் அடைக்கிறது. வானத்திலிருந்து இரண்டடிதான் விழுந்திருக்கும், ஆனால் காற்று மறைவான சரிவில் ஐந்தடி இருக்கும். அடித்து அடைத்த அந்தப் பனி சிமெண்டுப் பலகை போல இறுகிவிடும். சர்க்கரை மேல் அடை தயார்.

அடுத்த நாள் வெயில். நீல வானம், தடமே படாத வெள்ளைச் சரிவு. ஸ்கீக்காரன் ஏங்குவது இந்தக் காலைக்காகத்தான். அவன் அதற்காகப் பல ஆயிரம் மைல் பறந்து வந்திருக்கிறான்.

சரிவு முப்பது டிகிரிக்குக் குறைந்திருந்தால் பாளம் நகராது. நாற்பத்தைந்துக்கு மேல் செங்குத்தாக இருந்தால் பனி நிற்காமல் அவ்வப்போது உதிர்ந்துவிடும். இடைப்பட்டதுதான் எமன். ஸ்கீ விளையாட்டுக்கு மிகவும் ருசியான சரிவும் இதே அளவுதான் என்பதை என்னென்று சொல்வது!

இன்னொரு வேடிக்கையும் உண்டு. முதலில் போனவன் பத்திரமாக இறங்கிவிட்டான் என்பது அத்தாட்சி ஆகாது. இரண்டாமவனும் இறங்கிவிடலாம். எட்டாமவன், பாளம் எங்கே மெலிந்திருக்கிறதோ அந்த இடத்தை மிதிப்பான். அவன் பாரம் அடியிலிருக்கும் சர்க்கரைக்குப் போய்ச் சேரும். காலடியில் 'வூம்' என்று, பெரிய மூட்டையைத் தரையில் போட்டாற்போல ஒரு அமுங்கிய சத்தம் எழும். கண்ணாடியில் கீறல் ஓடுவது போல விரிசல் ஓடும். முப்பது மீட்டர் நீளம், முப்பது மீட்டர் அகலம், அரை மீட்டர் கனமுள்ள ஒரு சிறு பாளம் என்றே வைத்துக் கொள்வோம். கனமீட்டருக்கு 200 கிலோ வீதம் அதன் எடை 90 டன். ஆள் நிரம்பிய டி.டி.சி. பஸ் ஐந்தாறு ஒன்றாகச் சேர்ந்து உருண்டு வருவதாக எண்ணிப் பார்க்கலாம். மலைக்காரர்கள் இதைச் 'சின்னது' என்பார்கள்.

அக்டோபரில் ஒரு நாள்

ஸ்கீக்குத்தான் இந்த ஆபத்து என்றில்லை. இந்தியாவில் மலையேற்றப் பயிற்சியின் சரித்திரத்திலேயே பெரும் சோகமாக அமைந்துவிட்ட விபத்து, குளிர்காலம் தொடங்குவதற்கே முன்னால், சீஸனின் முதல் பனியில் நடந்தது.

உத்தரகாசியிலுள்ள நேரு மலையேற்ற நிலையத்தின் மேல்நிலைப் பயிற்சி மாணவர்கள் 2022 அக்டோபர் 4-ம் தேதி காலை 'திரௌபதி கா தண்டா - 2' என்னும் சிகரத்தின் உச்சியை நெருங்கியிருந்தார்கள். மழைக்காலம் விலகும் தருவாயில் மேலே புதுப் பனி விழுந்திருந்தது. பாளம் பெயர்ந்தது. வரிசையாகக் கயிற்றில் போய்க்கொண்டிருந்தவர்களை அடித்துக்கொண்டு போய்ப் பனிப்பிளவில் தள்ளியது. 27 பேரின் உடல்கள் கிடைத்தன. இருவர் கிடைக்கவேயில்லை.

இறந்தவர்களில் ஒருவர் பயிற்சியாளர் சவிதா கன்ஸ்வால். அதே வருஷம் மே 12-ல் எவரெஸ்ட் சிகரத்திலும், 28-ல் மக்காலு சிகரத்திலும் ஏறி, பதினாறு நாட்களில் இரண்டையும் முடித்தவர் என்று நாடே பாராட்டிய பெண். எவரெஸ்டில் ஏறியவரை அதில் முக்கால் உயரம்கூட இல்லாத ஒரு பயிற்சிச் சிகரம் கொண்டுபோய்விட்டது. பனியின் பாளத்துக்கு மிதிப்பவரின் தகுதி தெரியாது. தேர்ந்தவர்களே அதிகம் அகப்படுவதற்கும் ஒரு காரணம் உண்டு: அவர்கள்தான் அங்கே அடிக்கடி போகிறார்கள். பத்து தடவை ஒன்றும் ஆகாத சரிவு பதினோராவது தடவையும் ஒன்றும் ஆகாது என்று மனசு சொல்லும். காரியாலயத்தில் ஃபைல்கட்டு சாய்ந்து நிற்கும் அலமாரியைத் தினமும் தாண்டிப் போகிறவருக்கு இந்த மனசு புரியும்.

பத்து நிமிஷம்

சரிவில் புதைந்தவர் பெரும்பாலும் குளிரால் சாவதில்லை. மூச்சுத் திணறிச் சாகிறார். ஓடும்போது தண்ணீர் போல் இருக்கும் பனி, நின்றவுடன் சிமெண்டு போல இறுகிவிடுகிறது. சுண்டுவிரலை அசைக்க முடியாது. மேல் எது, கீழ் எது என்று தெரியாது. தாம் விடும் மூச்சே முகத்துக்கு முன்னால் பனிக்கட்டிப் படலமாக உறைந்து, வெளிக்காற்றை அடைத்துவிடும். முதல் பத்து, பதினைந்து நிமிஷத்துக்குள் தோண்டி எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அரை மணி தாண்டினால் மூன்றில் ஒருவர் பிழைப்பதே பெரிது.

இந்தக் கணக்கிலிருந்து ஒரு கசப்பான உண்மை பிறக்கிறது. கீழேயிருந்து புறப்பட்டு வரும் மீட்புக் குழு எவ்வளவு தீரமானதாக இருந்தாலும் அதற்குள் வந்து சேர முடியாது. பக்கத்தில் இருப்பவன்தான் காப்பாற்ற வேண்டும். அதற்காகவே மூன்று சாமான்களை ஸ்கீக்காரர்கள் உடம்போடு வைத்திருக்கிறார்கள். இருக்கும் இடத்தை ரேடியோ அலையில் சொல்லிக்கொண்டே இருக்கும் சிறு பெட்டி ஒன்று. குத்திப் பார்க்க மடக்குக் கம்பி. தோண்ட ஒரு மண்வெட்டி. உலகம் முழுதும் அந்தப் பெட்டிகள் 457 கிலோஹெர்ட்ஸ் என்ற ஒரே அலைவரிசையில் பேசுவதால், ஜப்பான்காரர் பெட்டியைக் காஷ்மீர் கைடின் பெட்டி கண்டுபிடித்துவிடும். குல்மார்கிலேயே இவற்றை வாடகைக்குக் கொடுக்கும் கடைகள் இருக்கின்றன. வாடகைக்கு எடுத்து, பையின் அடியில் போட்டு, பொத்தானை அமுக்க மறந்து போகிறவர்களும் இருக்கிறார்கள்.

பெட்டி இல்லாமலும் பிழைத்தவர்கள் உண்டு. அவர்கள் விளையாடப் போனவர்கள் அல்ல.

விளையாடாதவர்கள்

2025 பிப்ரவரி 28-ம் தேதி விடியற்காலை, பத்ரிநாத்தை அடுத்த மாணா கிராமத்தருகே, எல்லைச் சாலை நிறுவனத்தின் தொழிலாளர் முகாமின் மேல் பனி சரிந்தது. பாதையில் விழும் பனியை அள்ளிப் போடுவதற்கென்று இருந்த கூலியாட்கள், 54 பேர். இரும்புப் பெட்டி அறைகளில் தூங்கிக் கொண்டிருந்தார்கள். எட்டுப் பேர் மாண்டனர், 46 பேர் மீட்கப்பட்டனர். பெட்டிக்குள் அடைபட்ட காற்றுதான் பலரைக் காப்பாற்றியது. ஸ்கீக்காரன் சரிவைத் தானே தேர்ந்தெடுக்கிறான். இவர்களுக்கு முகாம் எங்கே என்பதை வேறு யாரோ தேர்ந்தெடுத்திருந்தார்கள். பிழைப்புக்காக வீட்டைவிட்டு வந்து, சொன்ன இடத்தில் படுத்து, சொன்ன வேலையைச் செய்தவர்கள்.

பட்டாளத்துக்காரர்கள் கதையும் இதுதான். 2010 பிப்ரவரி 8-ம் தேதி, குல்மார்கிலுள்ள ராணுவத்தின் மலைப்போர்ப் பள்ளியில் பயிற்சி பெற்றுக் கொண்டிருந்த வீரர்கள் மேல் கிலன்மார்கில் பனி சரிந்து 17 பேர் மாண்டார்கள். அதே பள்ளியின் வீரர்கள்தான் 2022-ல் திரௌபதி கா தண்டாவுக்கு உடல்களைத் தேடப் போனவர்கள்.

2016 பிப்ரவரி 3-ம் தேதி சியாச்சினில் நடந்ததைத் தமிழ்நாடு மறக்காது. 19,600 அடி உயரத்துக் காவல் சாவடியில் இருந்த மெட்ராஸ் ரெஜிமெண்டின் 19-வது பட்டாலியன் வீரர்கள் பத்துப் பேரைப் பனிச்சுவர் மூடியது. வேலூர், தேனி, மதுரை, கிருஷ்ணகிரி ஜில்லாக்களைச் சேர்ந்த நால்வர் அவர்களில் இருந்தார்கள். மோப்ப நாய்களும், பனிக்கட்டியை அறுக்கும் கருவிகளுமாகத் தோண்டினார்கள். ஆறாம் நாள் இரவு ஒருவர் உயிரோடு கிடைத்தார்: கர்நாடகத்தின் ஹனுமந்தப்பா கொப்பட். டில்லி ராணுவ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். தேசமே வேண்டிக் கொண்டது. பிப்ரவரி 11-ம் தேதி அவரும் போய்விட்டார். மற்ற ஒன்பது பேரின் சடலங்களும் பாலம் விமானத் தளத்தில் மரியாதை பெற்று ஊருக்குப் போயின. வெயிலில் வளர்ந்த நாலு பிள்ளைகள், பனியைக் கண்ணால் பார்த்தேயிராத கிராமங்களுக்குப் பனியிலிருந்து திரும்பினார்கள்.

சொல்கிறவர்கள் யார்?

மழைக்கும் பனி விழுவதற்கும் ஜோசியம் சொல்வது லோதி ரோடு. விழுந்த பனி எங்கே சரியும் என்று சொல்வது சண்டிகர். இந்த வேலைப் பிரிவினை பலருக்குத் தெரியாது. எல்லைப்புறத்துப் பனியில் ஜவான்களை இழந்து இழந்து, 1969-ல் மணாலியில் பனி மற்றும் பனிச்சரிவு ஆராய்ச்சிக்கென்று பாதுகாப்பு ஆராய்ச்சித் துறை ஒரு நிலையத்தை அமைத்தது. 1979 மார்ச்சில் இமாசலத்தின் லாஹௌல் பகுதியில் அடுத்தடுத்துச் சரிந்த பனி, 200-க்கும் மேற்பட்ட மலைவாசிகளைக் கொண்டுபோனது. அந்த நிலையம் பிறகு சண்டிகரில் வேர் பிடித்து, 2020-ல் மற்றொரு நிறுவனத்தோடு இணைந்து இப்போது பாதுகாப்புப் புவித்தகவல் ஆராய்ச்சி நிலையம் என்ற பெயரில் நடக்கிறது.

அங்குள்ள விஞ்ஞானிகள் மலைமேல் குழி வெட்டி, பனியை அடுக்கடுக்காக அறுத்து, நம் வீட்டுப் பெண்கள் பாகு பதம் பார்ப்பது போல விரலால் தடவிப் பார்த்து, சர்க்கரை அடுக்கு எத்தனை ஆழத்தில் இருக்கிறது என்று எழுதிக் கொள்கிறார்கள். தானியங்கிக் கருவிகளும் உண்டு. ஆனாலும் குழி வெட்டிப் பார்ப்பதற்கு ஈடு கிடையாது. குளிர்காலத்தில் மாலைதோறும் அறிக்கை வெளியாகிறது. பாராமுல்லா, குப்வாரா, பந்திபோரா என்று ஜில்லா பெயரும், 2,500 மீட்டருக்கு மேல் என்பது போன்ற உயரமும், அடுத்த 24 மணி நேரத்துக்கான அபாய அளவும் அதில் இருக்கும். அபாயத்தை ஒன்றிலிருந்து ஐந்து வரை எண்ணிட்டுச் சொல்வது 1993 முதல் ஐரோப்பா முழுவதும் கைக்கொண்ட வழக்கம். இங்கும் அதுவே.

இந்த எண்ணில் ஒரு பொறி இருக்கிறது. ஐந்து என்றால் எல்லோரும் வீட்டில் இருந்துவிடுகிறார்கள். ஒன்று என்றால் ஆபத்து சொற்பம். ஐரோப்பிய ஆல்ப்ஸ் மலையில் மிக அதிகமானோர் சாவது மூன்றாம் எண் நாளில். ஐந்துக்கு நடுவே மூன்று, ஆகவே நடுத்தரம் என்று நினைத்துவிடுகிறார்கள். பரீட்சையில் அறுபது மார்க் வாங்கிய பையனைப் பார்க்கிற கண்ணோடு பார்க்கிறார்கள். மூன்றாம் எண்ணுக்குப் பொருள், ஒரே ஒரு மனிதனின் பாரத்தில் சரிவு கிளம்பக்கூடும் என்பது.

எல்.டி.சி.யில் போகிறவர்களுக்கு

டில்லி உத்தியோகஸ்தர்களில் காஷ்மீருக்கு எல்.டி.சி.யில் போய்வருபவர்கள் அதிகம். சொந்த ஊருக்கான சலுகையைக் காஷ்மீருக்கு மாற்றிக் கொள்ளலாம் என்ற ஏற்பாட்டை அரசாங்கம் பல வருஷங்களாக நீட்டித்து வந்திருப்பதும் ஒரு காரணம். குழந்தைகளுக்குப் பனியைக் காட்ட வேண்டும் என்ற ஆசை இயல்புதானே. அவர்களில் ஸ்கீ கட்டுகிறவர்கள் சொற்பம். கற்க விரும்புகிறவர்களுக்குக் குல்மார்கிலேயே மத்திய சுற்றுலாத் துறையின் ஸ்கீ பயிற்சி நிலையம் இருக்கிறது. அங்கே பழகும் சரிவு, குழந்தை நடைவண்டி ஓட்டும் மாதிரியான சாதுவான சரிவுதான். அதில் பயப்பட ஒன்றுமில்லை.

பயப்பட வேண்டிய இடம் கயிற்றுக்கு அப்பால் இருக்கிறது. கோண்டோலாவின் மேல் நிலையத்துக்கு அருகே ரோந்துக்காரர்கள் பார்த்துவைத்த எல்லை ஒன்று உண்டு. அதைத் தாண்டினால் காவல் கிடையாது. போட்டோவில் பின்னணி நன்றாக விழும் என்பதற்காக நாலு அடி, பத்து அடி என்று நகர்கிறவர்களைத்தான் எச்சரிக்க வேண்டியிருக்கிறது. சரிவின் மேல் ஏறினால்தான் அபாயம் என்பதில்லை. சரிவின் காலடியில், சமதரையில் நிற்கிறவரின் பாரம்கூட மேலேயிருக்கும் பாளத்தைக் கிளப்பிவிட்டதுண்டு. அடியிலுள்ள சர்க்கரை அடுக்கு ஓரிடத்தில் நொறுங்கினால், சீட்டுக்கட்டு சாய்வது போல அது மேல்நோக்கியும் ஓடும்.

சிக்கிமில் 2023 ஏப்ரல் 4-ம் தேதி நடந்தது இந்த ஆசையின் விளைவுதான். காங்டாக்கிலிருந்து நாது லா போகும் பாதையில் 13-வது மைல் வரைதான் அனுமதி கொடுத்திருந்தார்கள். 15-வது மைல் வரை போய்விட்டார்கள் சுற்றுலாப் பயணிகள். பனி சரிந்து ஏழு பேர் மாண்டார்கள். அவர்கள் யாரும் மலையேறவில்லை, ஸ்கீ கட்டவில்லை. வண்டியில் வந்தவர்கள்.

பனி விழுந்துகொண்டிருக்கும் நாளும், ஓய்ந்த பிறகு ஒன்றிரண்டு நாட்களும்தான் மிகவும் சந்தேகத்துக்குரியவை. அந்த நாட்களில் கோண்டோலாவின் இரண்டாம் கட்டத்தை நிறுத்திவிடுவார்கள். கையில் டிக்கட்டை வைத்துக்கொண்டு, 'இவ்வளவு தூரம் வந்தும் இப்படியா' என்று கவுண்டரில் சண்டை போடுகிறவர்களைப் பார்க்கலாம். வெயில் காய்கிறது, வானம் நீலமாயிருக்கிறது, ஏன் விடமாட்டேன் என்கிறான் என்று கேட்பார்கள். அதனால்தான் விடமாட்டேன் என்கிறான். புதுப் பனி இறங்கிப் படிவதற்கும் அடியிலுள்ளதோடு ஒட்டுவதற்கும் அவகாசம் வேண்டும். வெயில் திடீரென்று ஏறினால் பாளம் இளகிக் கனத்து, மேலும் ஆட்டம் கொடுக்கும். சறுக்குவண்டி இழுக்கும் காஷ்மீரிப் பையன் 'ஆஜ் நஹீன் சாப்' என்று சொன்னால், அவன் அன்றைய கூலியை விட்டுக்கொடுத்துச் சொல்கிறான் என்பதையும் நினைத்துக் கொள்ளலாம்.

புறப்படும் முன் இரண்டைக் கவனித்தால் போதும். காஷ்மீரில் அந்த வருஷம் முதல் பனி எப்போது விழுந்தது, பிறகு எத்தனை வாரம் வானம் வெறித்துக் கிடந்தது என்பது ஒன்று. நேற்றும் முந்தாநாளும் அங்கே எவ்வளவு கொட்டியது என்பது மற்றொன்று. இரண்டாவதற்கு ஸ்ரீநகருக்கு டெலிபோன் போட வேண்டிய அவசியம்கூட இல்லை. லோதி ரோட்டில் முந்தாநாள் தூறியதா என்று வீட்டில் கேட்டால், மொட்டைமாடியில் வடாம் காயப்போட முடியாமல் போன நாளை அவர்களே சொல்லிவிடுவார்கள்.